வி-8 எஞ்சினும் நான்கு சக்கரமும்: கார் ஒப்பீடுகளில் இல்லாத உடல்

அமெரிக்க மோட்டார் இதழ்களில் 'ஒப்பீடு' என்று ஒரு கட்டுரை வகை உண்டு. ஏறக்குறைய ஒரே விலையுள்ள இரண்டு கார்களை எடுத்துக்கொண்டு சில நாட்கள் ஓட்டிப் பார்ப்பார்கள். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட எத்தனை வினாடி, கால் மைலைக் கடக்க எத்தனை வினாடி, பிரேக் போட்டால் எத்தனை அடியில் நிற்கும், பின்னிருக்கையில் கால் வைக்க எவ்வளவு இடம் என்று அட்டவணை போடுவார்கள். கடைசிப் பத்தியில் தீர்ப்பு வரும். இந்த வகையில் சலிக்காமல் திரும்பத் திரும்ப எழுதப்படுகிற ஜோடி ஒன்று உண்டு. ஒருபக்கம், நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் சக்தி போகும் வேகமான செடான். மறுபக்கம், பெரிய வி-8 எஞ்சின் வைத்து, பின்சக்கரங்களை மட்டும் சுழற்றும் இரண்டு கதவு மசில் கார். சுபாரு டபிள்யூஆர்எக்ஸா, ஃபோர்டு மஸ்டாங் ஜிடியா?

மிச்சிகனில், என் சம்பாத்தியத்தில் எனக்கென்று முதல் காரை வாங்க முடிவெடுத்த குளிர்காலத்தில் இந்த ஒப்பீடுகளைத் தேடித் தேடிப் படித்தேன். அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்த வண்டிகள் எல்லாம் யாராவது ஒருவரின் தேவைக்காக வந்தவை: பிள்ளைகளின் பள்ளி, வாராந்திர மளிகை, ஊரிலிருந்து வந்து தங்கும் மாமியாரின் முழங்கால் வலி. இப்போது பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். நான் மருத்துவமனை ஆய்வகத்தில் இரவு வேலை பார்ப்பவள். கியர் மாற்றி ஓட்டுவது எனக்குப் பிடிக்கும். வேகமும் பிடிக்கும். இரண்டு வகையில் ஒன்றை வாங்கலாம் என்றிருந்தேன். ஆனால் படிக்கப் படிக்க, இந்தக் கட்டுரைகள் காரைவிட அதை ஓட்டுகிறவர் யார் என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுகின்றன என்று தெரிந்தது. அவற்றையும் அவற்றைச் சுற்றியுள்ள விளம்பரங்களையும் சினிமாவையும் பிரதிகளாக எடுத்துக்கொண்டு ஒரு பெண்ணாக வாசிக்க முயல்கிறேன்.

ஒப்பீடுகளின் தீர்ப்பு மொழியைக் கவனித்தால் ஒரே கோடு தெரியும். செடான் அறிவின் கட்சி. அதற்கு நான்கு கதவு, குழந்தை இருக்கை பொருத்த இடம், பனியில் சறுக்காத பிடிமானம். மசில் கார் ஆசையின் கட்சி. அதற்குச் சத்தம், அதிர்வு, பின்சக்கரங்கள் கிளப்பும் புகை. மூளை ஒன்றைச் சொல்கிறது, மனசு மற்றொன்றைக் கேட்கிறது என்று முடிப்பார்கள். இந்தக் கதையில் பெண் வருகிற இடம் ஒன்றே ஒன்று: 'வீட்டம்மாவைச் சம்மதிக்க வைக்க நான்கு கதவு உதவும்' என்ற நகைச்சுவையில். ஆசைப்படுகிறவன் ஆண். அந்த ஆசைக்குக் கடிவாளம் போடுகிறவள் மனைவி. வாங்குகிறவளே பெண்ணாக இருந்தால் இந்தக் கதை நின்றுவிடுகிறது. அவள் யாரைச் சம்மதிக்க வைக்க வேண்டும்? அவளுடைய ஆசை எந்தக் கட்சி? இந்தப் பங்கீடு இயற்கையானது என்பதுபோல் எழுதப்படுகிறது. இரண்டு வகைக் கார்களின் வரலாறும் அதற்கு நேர்மாறாக இருக்கிறது.

முதல் மஸ்டாங்கை வாங்கியவர்

மசில் கார் என்ற சொல்லுக்கு இலக்கணம் சொல்கிறவர்கள் 1964-இன் பான்டியாக் ஜிடிஓவிலிருந்து தொடங்குவார்கள். நடுத்தர அளவுக் காரில் பெரிய காரின் எஞ்சினைத் தூக்கி வைப்பது; அதுதான் சூத்திரம். அதே ஆண்டில் வந்த மஸ்டாங், கறாராகப் பார்த்தால், 'போனி கார்' என்ற வேறு வகை. பேச்சு வழக்கில் இன்று இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆண்மையின் சின்னமாக இன்று விற்கப்படுவது பெரும்பாலும் மஸ்டாங்தான் என்பதால் அதன் தொடக்கத்தைப் பார்ப்போம்.

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானது. அதற்கு இரண்டு நாள் முன்பாகவே, ஏப்ரல் 15 அன்று, சிகாகோவில் 22 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர் கடையின் பின்புறம் துணி போர்த்தி வைத்திருந்த வெளிர்நீலக் காரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் பெயர் கெய்ல் வைஸ். அமெரிக்காவில் விற்பனையான முதல் மஸ்டாங் அவருடையது என்று ஃபோர்டு நிறுவனமே சொல்கிறது. இது தற்செயல் இல்லை. ஃபோர்டின் சாதாரணக் குடும்பக் காரான ஃபால்கனின் அடிப்பாகத்தில் கட்டப்பட்டு, 2,368 டாலர் ஆரம்ப விலையில் வந்த மஸ்டாங், வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த இளம்பெண்களையும் மனதில் வைத்துத்தான் விற்கப்பட்டது. தொடக்க கால விளம்பரம் ஒன்று, துணி மாற்றுவதும் துவைப்பதுமாகவே நாட்கள் போய்க்கொண்டிருந்த ஓர் இளம் தாய்க்கு மஸ்டாங் புதுவாழ்வு தந்ததாகக் கதை சொன்னது. அந்த விளம்பரத்தை விடுதலைச் சாசனம் என்று நான் கொண்டாட மாட்டேன். பெண்ணின் சலிப்பை அது விற்பனைக்குப் பயன்படுத்திக்கொண்டது. ஆனாலும் அந்தக் காரின் மீது ஒரு பெண் ஆசைப்படலாம் என்பதை அது ஏற்றுக்கொண்டது.

பிறகு வேலி வந்தது. 1966 வாக்கில், தனியாக வாழும் பெண்ணுக்கு ஆறு சிலிண்டர் மஸ்டாங் பொருத்தம் என்று ஒரு விளம்பரம். ஹெலன் கர்லி பிரவுன் 1962-இல் எழுதிய புகழ்பெற்ற நூலின் தலைப்பில் 'செக்ஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'சிக்ஸ்' என்று போட்டுக்கொண்ட வார்த்தை விளையாட்டு அது. அதாவது ஒரே காருக்குள் ஆறு சிலிண்டர் அவளுக்கு, எட்டு சிலிண்டர் அவனுக்கு. ஆறு சிலிண்டர் வண்டிக்கு 'செக்ரட்டரி கார்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. மஸ்டாங் விசிறிகளிடம் அது இன்றும் ஏளனச் சொல்தான்.

1968-இல் வந்த 'புல்லிட்' படம் வேலியைச் சுவராக்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவின் மேடுபள்ளங்களில் ஸ்டீவ் மெக்வீன் கரும்பச்சை மஸ்டாங்கை ஓட்டிய துரத்தல் காட்சியைப் பார்க்காத கார் ரசிகர் இல்லை. அதன் பிறகு நடப்பதை யாரும் பேசுவதில்லை. நாயகனின் கார் அந்தத் துரத்தலில் நொறுங்கிவிடுகிறது. அவன் அடுத்த இடத்துக்குப் போயாக வேண்டும். ஜாக்குலின் பிசெட் நடித்த காதலிதான் தன்னுடைய போர்ஷேவில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். பச்சை மஸ்டாங்கின் நினைவாக ஃபோர்டு பின்னாளில் தனி மாடல்களே வெளியிட்டது. காதலி காரோட்டியது நினைவிலிருந்து கழன்றுவிட்டது.

1982-இல் பின்சக்கரம் வென்றது

மற்றப் பக்கத்துக்கு வருவோம். வேகமான கார் நான்கு சக்கரங்களாலும் தரையைப் பிடித்துக்கொண்டு ஓடலாம் என்பதை உலகத்துக்குக் காட்டியது 1980-இல் வந்த ஆடி குவாட்ரோ. அது இரண்டு கதவுக் கார்தான். ஆனால் பின்னாளில் வந்த சுபாரு இம்ப்ரெசா, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் போன்ற செடான்கள் எல்லாம் அது திறந்த பாதையில் வந்தவை. அந்தப் பாதையைத் திறந்தவர்களில் ஒருவர் மிஷெல் மூட்டோன்.

பிரான்ஸின் கிராஸ் நகரத்துக்காரரான மூட்டோன், 1981 சான்ரெமோ ராலியில் குவாட்ரோவை ஓட்டி வென்றார். உலக ராலிப் பந்தயம் ஒன்றில் ஒரு பெண் வெல்வது அதுவே முதல்முறை. பக்கத்து இருக்கையில் வழிசொன்னவரும் ஒரு பெண், இத்தாலியின் ஃபாப்ரிட்சியா போன்ஸ். மறு ஆண்டு போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் என்று மூன்று வெற்றிகள். உலகச் சாம்பியன் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எதிரில் இருந்தவர் ஜெர்மனியின் வால்டர் ரோல். அவர் ஓட்டியது ஓப்பல் அஸ்கோனா 400, பின்சக்கர இயக்கக் கார்.

இந்த இடத்தில் ஒப்பீட்டுக் கட்டுரைகள் என்னிடம் தோற்றுப்போகின்றன. நான்கு சக்கர இயக்கம் அடக்கமானது, பின்சக்கர இயக்கம் வீரமானது என்ற பேச்சுக்கு 1982-ஐவிடச் சரியான சோதனை இல்லை. உலகத்தின் மிக முரட்டுத்தனமான பாதைகளில் நான்கு சக்கரக் காரை விரட்டிக்கொண்டு போனவர் பெண். நிதானமாகப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தவர் ஆண். ஐவரி கோஸ்ட் ராலி தொடங்கும் நேரத்தில் மூட்டோனின் தந்தை புற்றுநோயால் இறந்தார். அவர் ஓட்டினார், முன்னணியிலும் இருந்தார். கியர்பாக்ஸ் கோளாறும் அதன் பிறகு ஒரு விபத்தும் அவரை வெளியே தள்ளின. பட்டம் ரோலுக்குப் போனது. மூட்டோன் இரண்டாம் இடம். 1985-இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தையும் வென்றார். பிரேசிலில் அவர் பெற்ற வெற்றிக்குப் பிறகு இன்றுவரை எந்தப் பெண்ணும் உலக ராலி ஒன்றை வென்றதில்லை. அதைப் பெண்களின் திறமைக் குறைவாகச் சொல்கிறவர்கள், ஒரு தொழிற்சாலை அணியின் முதல்தரக் கார் அதன் பிறகு எத்தனை பெண்களின் கையில் கொடுக்கப்பட்டது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஒரே நிறுவனம், இரண்டு உடை

சுபாருவின் கதை இன்னும் வேடிக்கையானது. 1990-களில் அமெரிக்காவில் தடுமாறிக்கொண்டிருந்த அந்த நிறுவனம், தன் கார்களை யார் விரும்பி வாங்குகிறார்கள் என்று விசாரித்தது. ஆசிரியர்கள், மருத்துவப் பணியாளர்கள், கணினித் துறையினர், மலையேற்றம் போகிறவர்கள் என்று வந்த பட்டியலில் இன்னொரு கூட்டமும் இருந்தது: தற்பால் ஈர்ப்புள்ள பெண்கள். மற்ற நிறுவனங்கள் பயந்து ஒதுங்கிய காலத்தில் சுபாரு அவர்களை நேராக நோக்கி விளம்பரம் செய்தது. காரின் நம்பர் பிளேட்டில் அவர்களுக்கு மட்டும் புரியும் குறிப்புகளை வைத்தது. 2000-இல் டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரத்திலோவாவை விளம்பரத்தில் கொண்டுவந்தது. சந்தை தன் லாபத்துக்காகச் செய்ததுதான். இருந்தாலும் தங்களை ஒரு வாங்குபவராகக்கூட யாரும் பார்க்காத காலத்தில் அது அந்தப் பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இதே ஆண்டுகளில் இதே சுபாரு, நீல உடம்பும் தங்கநிறச் சக்கரங்களும் கொண்ட இம்ப்ரெசாவை ராலிப் பந்தயங்களில் ஓடவிட்டது. 1995-இல் காலின் மெக்ரே அதில் உலகச் சாம்பியன் ஆனார். வீடியோ விளையாட்டுகள் வழியாக அமெரிக்க இளைஞர்களிடம் அந்தக் கார் பரவியது. 2002 மாடலாக டபிள்யூஆர்எக்ஸ் அமெரிக்காவுக்கு வந்தபோது பானெட்டில் காற்றுத் துளையோடு வந்தது. அதற்கு மேலான எஸ்டிஐ மாடல் பின்னால் பெரிய இறக்கையையும் மாட்டிக்கொண்டது. ஃபாரஸ்டர், அவுட்பேக், டபிள்யூஆர்எக்ஸ் எல்லாவற்றிலும் தாழ்வாகப் படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம் என்ற அடிப்படை ஒன்றே. ஒன்றுக்கு 'ஆசிரியைகளும் லெஸ்பியன்களும் ஓட்டுவது' என்ற பெயர், மற்றதற்குப் 'பையன்களின் கார்' என்ற பெயர். எஞ்சினுக்குப் பாலினம் கிடையாது, அதன்மேல் போர்த்தும் உடைக்குத்தான் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இது புதிதும் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரக் கார் பெண்களுக்கு, பெட்ரோல் கார் ஆண்களுக்கு என்று பிரித்திருந்ததை வரலாற்றாசிரியர் வர்ஜீனியா ஷார்ஃப் 1991-இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பெட்ரோல் காரை உலகமயமாக்கிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்ற மின்சாரக் காரில்தான் போய்வந்தார். அன்று பெண்மையின் அடையாளமாகக் கருதப்பட்ட அதே மின்மோட்டார் இன்று யாருடைய பெருமைப் பேச்சாக இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பயத்தை விற்பது

பெண்ணிடம் நான்கு சக்கர இயக்கத்தை விற்கும்போது சொல்லப்படும் சொல் 'பாதுகாப்பு'. ஆணிடம் அதே பொருளை விற்கும்போது 'பிடிமானம்' என்பார்கள். பனிபெய்யும் ஊரில் இந்தச் சொல் மாற்றத்துக்கு விலை உண்டு.

நான்கு சக்கர இயக்கம் என்ன செய்கிறது? எஞ்சினின் சக்தியை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்கிறது. அதனால் பனியில் நின்ற கார் கிளம்புகிறது, சறுக்கலான மேட்டில் ஏறுகிறது. நிறுத்துவதில் அதற்குப் பங்கு ஏறக்குறைய இல்லை. எந்தக் காராக இருந்தாலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. பனியில் கார் எத்தனை அடியில் நிற்கும், வளைவில் பாதையை விட்டு விலகுமா என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது டயரின் ரப்பர். குளிரில் இறுகிப்போகும் சாதாரண டயரோடு ஓடும் நான்கு சக்கர இயக்கக் காரைவிட, நல்ல பனிக்கால டயர் மாட்டிய பின்சக்கர இயக்கக் கார் குறைந்த தூரத்தில் நிற்கும். எளிதாகக் கிளம்பிவிடும் கார் எளிதாக நிற்கவும் செய்யும் என்று நம்பிப் போகிறவர்களைத்தான் சனவரி மாதத்து நெடுஞ்சாலைப் பள்ளங்களில் பார்க்கிறோம். 'உங்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமே' என்று அக்கறையோடு பேசுகிறவர்கள் டயரைப் பற்றி வாய் திறப்பதில்லை. அறிவின் கட்சி என்று சொல்லப்படும் கார்கூட அறிவை வைத்து விற்கப்படவில்லை. பெண்ணின் பயத்தை வைத்து விற்கப்படுகிறது.

உண்மையான பாதுகாப்புக் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. கார் மோதல் சோதனையில் உட்காரவைக்கப்படும் பொம்மை, பல பத்தாண்டுகளாக, சுமார் ஐந்தடி ஒன்பது அங்குல உயரமும் 78 கிலோ எடையும் உள்ள ஓர் ஆண். பெண் பொம்மை என்று சொல்லப்படுவது அந்த ஆணைச் சுருக்கி, ஐந்தடிக்கும் குறைவாக, 49 கிலோவாக ஆக்கியது. இடுப்பெலும்பு, கழுத்துத் தசை, உட்காரும் விதம் எதிலும் பெண்ணுடல் தனியாகக் கணக்கில் வரவில்லை. அமெரிக்க அரசின் நட்சத்திர மதிப்பீட்டுக்கான முன்மோதல் சோதனையில் 2011 மாடல் ஆண்டிலிருந்து இந்தச் சிறிய பொம்மைக்கு இடம் கிடைத்தது. எந்த இடம்? ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. காரோட்டுவது ஆண், கூட வருவது பெண்.

இதன் விளைவு உடலில் தெரிகிறது. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்த விபத்துகளில், பெல்ட் அணிந்த பெண் ஓட்டுநருக்குக் கடும் காயம் ஏற்படும் வாய்ப்பு ஆணைவிட 47 சதவீதம் அதிகம் என்று வந்தது. அதே பல்கலைக்கழகத்தின் 2019 ஆய்வு முன்மோதல்களுக்கு 73 சதவீதம் என்றது. 2021-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் இதில் இன்னொரு இழையைச் சேர்த்தது: பெண்கள் சிறிய, எடை குறைந்த கார்களை ஓட்டுவதும், மோதப்படும் வண்டியில் அதிகம் இருப்பதும் இந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்குகிறது என்றது. கால் காயங்கள் போன்றவற்றில் அந்த விளக்கத்துக்குப் பிறகும் வேறுபாடு எஞ்சியது. இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இது: எந்தக் கார் 'பெண்ணுக்குப் போதும்' என்று ஒரு சமூகம் நினைக்கிறதோ அந்த நினைப்பே காயமாக அவள் உடம்பில் இறங்குகிறது.

ஓட்டுநர் இருக்கை மட்டும்

குவென்டின் டரான்டினோவின் 'டெத் புரூஃப்' (2007) இந்தப் பொருளை அவரே அறியாமல் படமாக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்டண்ட்மேன் மைக் என்பவன் தன் காரைச் சாவே வராதபடி இரும்புக் கூண்டு போட்டுக் கட்டியிருக்கிறான். அந்தக் காப்பு ஓட்டுநர் இருக்கைக்கு மட்டும். பக்கத்தில் ஏற்றிக்கொண்ட பெண்ணை அவன் அந்தக் காரை வைத்தே கொல்கிறான். முன்மோதல் சோதனையில் பெண் பொம்மை உட்காரும் அதே இருக்கை!

படத்தின் பிற்பாதியில் பெண்கள் திருப்பி அடிக்கிறார்கள். ஸோயி, கிம், அபர்னாத்தி மூவரும் வெள்ளை நிற 1970 டாட்ஜ் சேலஞ்சரை ஓட்டிப் பார்க்க எடுத்துப்போகிறார்கள். காருக்காகவே காரை விரும்பும் பெண்களைத் திரையில் அவ்வளவு மகிழ்ச்சியோடு நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எஞ்சின் அளவு தெரிந்த பெண்கள், பழைய படங்களில் வந்த கார்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் பெண்கள். மைக் அவர்களைத் தாக்குகிறான். அவர்கள் அவனை விரட்டிப் பிடித்து அடித்து முடிக்கிறார்கள். பெண்ணிய வெற்றி என்று இந்தக் காட்சியைக் கொண்டாடியவர்கள் உண்டு.

எனக்கு நான்காவது பெண்தான் நினைவில் நிற்கிறாள். சேலஞ்சரை விற்பவன் காரைத் தனியாகக் கொடுக்கத் தயங்குகிறான். சியர்லீடர் உடுப்பில் இருக்கும் லீயை அவனிடம் விட்டுவிட்டு, தவறான ஒரு நம்பிக்கையையும் அவனுக்குக் கொடுத்துவிட்டு, மூவரும் கிளம்புகிறார்கள். தூங்கிக்கொண்டிருந்த லீயை யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு அவளுக்கு என்ன ஆனது என்று படம் திரும்பிப் பார்க்கவே இல்லை. மசில் காரில் மூன்று பெண்கள் அடைந்த சுதந்திரத்துக்கு நான்காவது பெண் பிணையம். ஆண்மையின் சின்னத்தைப் பெண் கையில் எடுத்துக்கொண்டால் போதும், அதுவே விடுதலை என்று சொல்லும் எல்லா வாதங்களையும் நான் லீயை நினைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

கடையும் வீட்டுக் கூடமும்

நான் போன கடையில் விற்பனையாளர் என்னோடு வந்திருந்த என் தம்பியிடமே பேசினார். நான் டர்போவைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் தம்பியின் முகத்தைப் பார்த்து வந்தது. என்னிடம் வந்தபோது பேச்சு பின்னிருக்கைக்கும் பாதுகாப்புக்கும் மாறியது. இது தனி ஒருவரின் குணக்கேடு என்று விட்டுவிட முடியாது. சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ் 1991-இல் வெளியிட்ட சிகாகோ ஆய்வில், ஒரே மாதிரி பேரம் பேசப் பழக்கப்பட்ட ஆட்களைக் கார்க் கடைகளுக்கு அனுப்பிப் பார்த்தார். வெள்ளை ஆண்களுக்குக் கிடைத்த விலை மற்றவர் எவருக்கும் கிடைக்கவில்லை. கறுப்பினப் பெண்களிடம் கேட்கப்பட்ட லாபம் வெள்ளை ஆண்களிடம் கேட்டதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அட்டவணையில் இரண்டு கார்களின் விலையை அச்சிடும் ஒப்பீடுகள், அந்த விலை யாருக்கு என்று அச்சிடுவதில்லை.

நம்மவர் கூடுகிற இடத்திலும் பேச்சு வேறாக இல்லை. "அக்கா, உங்களுக்கு எதுக்கு வி-8? ஒரு எஸ்யூவி எடுங்க, மேல உக்காந்து ஓட்டலாம்" என்றார் தம்பியின் நண்பர். அவரே ஒரு மஸ்டாங் வைத்திருக்கிறார். ஞாயிறு மட்டும் ஓட்டுகிறார். அவர் மனைவி அதைத் தொட்டதில்லை. "பெட்ரோல் குடிக்கும், இன்ஷூரன்ஸ் அதிகம்" என்று அவர் சொன்னது உண்மை. அந்த உண்மை அவருக்குத் தடையாக இல்லை, எனக்கு அறிவுரையாக வந்தது. எட்டு சிலிண்டர் எரிக்கும் எரிபொருளும் அது யாருடைய காற்றைக் கெடுக்கிறது என்பதும் பெண்ணியத்துக்கு அந்நியமான கேள்விகள் அல்ல, நானும் கேட்கிறேன். ஆனால் ஒரு பெண் ஆசைப்படும்போது மட்டும் எழுகிற சூழலியல் அக்கறையை நான் சந்தேகிக்கிறேன்.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். நீண்ட பானெட்டும் தாழ்ந்த இருக்கையும் மசில் கார் என்ற வகையின் முகமே. இருக்கையை முடிந்தவரை உயர்த்திய பிறகும் பானெட் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கிளட்சை முழுதாக மிதிக்க இருக்கையை முன்னே இழுத்தால் மார்பு ஸ்டியரிங்குக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. காற்றுப்பை வெடித்து விரிய, மார்பெலும்புக்கும் அதற்கும் இடையில் குறைந்தது பத்து அங்குலம் வேண்டும் என்பது அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் அளவு. நான் கையோடு நூல்நாடா கொண்டுபோயிருந்தேன். செடானில் நிமிர்ந்து உட்கார முடிந்தது, கண்ணாடி அகலம், நான்கு மூலையும் தெரிந்தது, பத்து அங்குலம் தாராளமாக இருந்தது. நான் படித்த ஒப்பீடுகள் ஒன்றில்கூட இந்த அளவு இல்லை. கால் மைல் வினாடிக் கணக்கை ஒரு தசமத்துக்கு அளந்தவர்கள், ஐந்தடி ஒரு அங்குலமுள்ள ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அளக்கவில்லை. அவர்களுடைய உடல் அந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்டதே இல்லை.

டபிள்யூஆர்எக்ஸ் வாங்கினேன், கையால் கியர் மாற்றும் வண்டி. கூடவே நான்கு பனிக்கால டயர். 'நல்ல முடிவு, புத்திசாலித்தனம்' என்று எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. குடும்பத்துக்குத் தேவை என்றோ பனிக்குப் பயந்தோ நான் அதை வாங்கவில்லை. இரவு வேலை முடிந்து ஆளில்லாத சாலையில் மூன்றாவது கியரில் டர்போ விசிலடித்து எழும்பும் அந்த நொடி எனக்குப் பிடித்திருக்கிறது. என் உடல் அதில் சரியாக உட்காருகிறது. நாளை ஆறடி உயரமுள்ள தோழி ஒருத்தி வி-8 வேண்டும் என்றால் அவளோடு கடைக்குப் போவேன். விற்பனையாளர் என்னைப் பார்த்துப் பேசினால் அவள் பக்கம் கையைக் காட்டுவேன்.

ஒப்பீடுகள் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. அட்டவணையில் இன்னும் சில வரிகள் சேருங்கள். இருக்கை எவ்வளவு உயரும், கிளட்ச் எவ்வளவு கனம், குட்டையான ஓட்டுநருக்குக் காற்றுப்பை எத்தனை அங்குலத்தில் இருக்கிறது, பனிக்கால டயரோடு எத்தனை அடியில் நிற்கிறது. ஓட்டிப் பார்க்கும் குழுவில் வெவ்வேறு உயரமுள்ள பெண்களை உட்காரவையுங்கள், பக்கத்து இருக்கையில் அல்ல. கடைசிப் பத்தியில் மூளைக்கும் மனசுக்கும் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிடுங்கள். எங்களுக்கு இரண்டும் இருக்கின்றன.